ஈரப்பதம் 17, ஆபாசம் எத்தனை?

எங்கள் பெரியப்பாவுக்கு 71 வயது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. பத்திரம், பாங்கு, பயிர்க் காப்பீடு எல்லாவற்றிலும் கைநாட்டுதான். அப்பேர்ப்பட்ட மனிதர் போன குறுவையில் ஆபாசப் புத்தகம் விற்ற குற்றவாளி ஆனார். ஐந்து நிமிஷத்துக்குத்தான். இருந்தாலும் ஆனார்.

எங்கள் வயல் கடைமடை. மேட்டூரில் தண்ணீர் திறந்த செய்தி எங்களுக்குப் பேப்பரில் முதலில் வரும், வாய்க்காலில் பிறகு வரும், சில வருஷம் பேப்பரோடு நின்றுவிடும். போன வருஷம் வந்தது. வந்த தண்ணீரை மேல்வயல்காரர் ராத்திரியோடு ராத்திரியாக மடையை அடைத்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். விடிகாலையில் மண்வெட்டியோடு போன பெரியப்பா காய்ந்த நாற்றங்காலைப் பார்த்தார், வரப்பில் ஏறி நின்று வாயைத் திறந்தார். கேட்டவை நாலு கொக்கும் கொஞ்சம் நண்டும், மோட்டார் கொட்டகையில் படுத்திருந்த மேல்வயல்காரரும். பெரியப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவதற்குள் அவர் பைக்கில் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். முதலில் போகிறவன் மனுதாரர், பிறகு போகிறவன் எதிரி. இந்த நாட்டில் நீதி என்பது பாதி பெட்ரோல்.

ஸ்டேஷன் பெயர் வேண்டாம். டெல்டாவில் ஒரு ஸ்டேஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள், எல்லா ஸ்டேஷனிலும் அதே பெஞ்சுதான். ரைட்டர் எழுதிக்கொண்டே போனார்: மேற்படி நபர் மேற்படி இடத்தில் மனுதாரரை வழிமறித்து, அசிங்க அசிங்கமான வார்த்தைகளால் திட்டி, கையால் தாக்கி, கொன்றுவிடுவதாக மிரட்டி. எழுதும்போது அவர் பெரியப்பாவைப் பார்க்கவில்லை, மனுதாரரையும் பார்க்கவில்லை. ஓதுவார் பதிகம் சொல்வதுபோல அது தானாக வருகிறது. கடைசியில் எண்களைப் போட்டார்: 294(பி), 323, 506(2). தமிழ்நாட்டில் கைகலப்பு ஆனாலும் வாய்கலப்பு ஆனாலும் இந்த மூன்று எண்ணும்தான் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு.

பக்கத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த சின்ன வயசுப் போலீஸ்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“சார், அது பழைய நம்பர். புதுச் சட்டத்துல 294 போட்டா ஆபாசப் புக்கு வித்தது.”

அவர் சொன்னது சரி. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய்ப் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. வெள்ளைக்காரன் சட்டத்தை ஒழித்துக் கட்டியாயிற்று என்று டெல்லியில் கைதட்டினார்கள். ஆபாசம் சம்பந்தப்பட்டவரை ஒழித்தது வரிசை எண்ணைத்தான். பழைய 292, ஆபாசப் புத்தகம். அது இப்போது 294. பழைய 294, பொது இடத்தில் ஆபாச வார்த்தை; அது இப்போது 296. உள்ளே இருக்கிற சரக்கு 1860-இல் சுட்ட அதே பணியாரம். இருபது வருஷக் கைப்பழக்கத்தில் ரைட்டர் பழைய எண்ணைப் போட்டதில், எழுத்தறியாத எங்கள் பெரியப்பா ஐந்து நிமிஷம் புத்தக வியாபாரியாக இருந்தார்.

“பழக்கதோஷம்” என்று ரைட்டர் அடித்துத் திருத்தினார்.

“ஐயா, அப்படி என்ன வார்த்தை சொன்னாருன்னு அதுல எழுதியிருக்குங்களா?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் எழுத மாட்டோம் தம்பி. அசிங்கமான வார்த்தைன்னு போட்டா போதும்.”

“வார்த்தையையே எழுதலைன்னா அது அசிங்கமான்னு கோர்ட்டுக்கு எப்படிங்க தெரியும்?”

“எழுதினா ரெக்கார்டு அசிங்கமாயிரும்ல?”

இதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது. ஆனால் பெரியப்பா கேட்டார். “வார்த்தை கெடக்கட்டும். அவன் என் தண்ணிய வெட்டிக்கிட்டுப் போனதுக்கு என்னா போடுவீங்க?”

ரைட்டர் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். “அது வாய்க்கால் லஸ்கர்கிட்ட சொல்லுங்க பெரியவரே. தண்ணிக்கு எங்ககிட்ட செக்ஷன் கெடையாது. வாய்க்குத்தான் இருக்கு.”

அன்றைக்கு நான் கேட்ட வார்த்தைகளிலேயே ஆபாசமானது இதுதான். எந்த எண்ணிலும் இது வராது.

சொன்ன வார்த்தையை எழுதாமல் ‘ஆபாசமாகத் திட்டினார்’ என்று மொட்டையாக எழுதினால் பிரிவு நிற்காது என்று உயர் நீதிமன்றம் எத்தனையோ வழக்கில் சொல்லியாயிற்று. உச்ச நீதிமன்றமே 2022 அக்டோபரில், மதனகோபால் என்பவருக்கும் லலிதா என்பவருக்குமான வழக்கில், வசவெல்லாம் ஆபாசம் ஆகிவிடாது என்று தீர்த்துச் சொன்னது. பிரிவின்படி வார்த்தை ஆபாசமாக இருக்க வேண்டும், பொது இடத்திலோ அதன் அருகிலோ சொல்லியிருக்க வேண்டும், கேட்ட பிறருக்கு அது எரிச்சல் உண்டாக்கியிருக்க வேண்டும். பெரியப்பா சொன்னது “நீ வெளங்குவியாடா”. நின்றது சொந்தப் பட்டா. எரிச்சல்பட்டிருக்க வேண்டிய பொதுமக்கள் நாலு கொக்கு. அவை சாட்சிக்கு வரச் சம்மதிக்கவில்லை.

டெல்டாக்காரனுக்கு அளவு தெரியும். நெல்லைக் கொண்டுபோய்க் கொள்முதல் நிலையத்தில் கொட்டிப் பாருங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். மழையில் நனைந்த வருஷம் முதலமைச்சர் கடிதம் எழுதுவார், டெல்லியிலிருந்து குழு வரும், பிளாஸ்டிக் பையில் நெல்லை அள்ளிக்கொண்டு போகும், 19 என்றோ 20 என்றோ தளர்த்தி உத்தரவு வரும், அதற்குள் குவியலில் முளை விட்டிருக்கும். கோபம் வரும்தான். ஆனாலும் அங்கே ஒரு மீட்டர் இருக்கிறது. நெல்லைப் போட்டால் எண் காட்டும். நமக்குச் சந்தேகம் இருந்தால் ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்க்கலாம்; காய்ந்ததென்றால் ‘கடுக்’ என்று சத்தம் வரும், இல்லையென்றால் நசுங்கும்.

ஆபாசத்துக்கு மீட்டர் கிடையாது. எல்லாம் பல்லில் கடித்துப் பார்ப்பதுதான். கடிக்கிற பல்லோ அதிகாரியின் பல்.

அந்தப் பல்லின் வரலாறு 1868-இல் லண்டனில் ஆரம்பிக்கிறது. ஹிக்ளின் வழக்கு. தலைமை நீதிபதி காக்பர்ன் ஒரு சோதனை வைத்தார்: இந்தப் புத்தகம் யார் கையில் சிக்கக்கூடுமோ, அவர்களில் கெட்டுப்போகக்கூடிய மனசுள்ளவர்களைக் கெடுக்கிற போக்கு இதற்கு உண்டா? அதாவது ஊரிலேயே மனசு பலவீனமான ஆளைத் தேடிப் பிடித்து, அவனுக்கு ஆகாதது யாருக்கும் ஆகாது என்பது. சர்க்கரை நோயாளி ஒருவர் இருக்கிறார் என்று ஊர்ப் பந்தியில் பாயசத்தை நிறுத்துவது. இங்கிலாந்து 1959-இல் புதுச் சட்டம் போட்டு இதைத் தூக்கிப் போட்டது. அடுத்த வருஷமே அங்கே ‘லேடி சாட்டர்லியின் காதலன்’ விடுதலையானது. நாம் என்ன செய்தோம்? 1964-இல் அதே புத்தகத்தை விற்றதற்காக ரஞ்சித் உதேஷி என்ற பம்பாய்ப் புத்தகக் கடைக்காரரின் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது, காக்பர்னின் அளவுகோலை வைத்தே. வெள்ளைக்காரன் குப்பையில் போட்டதை எடுத்துத் துடைத்துப் பூஜை அறையில் மாட்டினோம். அதை உச்ச நீதிமன்றம் கழற்றி வைத்தது 2014-இல்தான்.

அடித்துத் திருத்திய அந்த ஐந்து நிமிஷம்தான் எனக்கு ஒரு பழைய கதையை நினைவுபடுத்தியது. பெரியப்பா தெரியாமல் போய்ப் புகுந்த அந்தப் புத்தகப் பிரிவில், அவருக்கு முன்னால் இதே தஞ்சாவூர்ச் சீமை சம்பந்தப்பட்ட ஒரு புத்தகம் மாட்டியிருந்தது.

தஞ்சை அரண்மனையில் மராட்டியர் பிரதாபசிம்மன் ஆண்ட காலம், 1739-லிருந்து 1763 வரை. அவர் சபையில் முத்துப்பழனி என்று ஒரு கணிகை. தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் கரை கண்டவள். அன்றைக்கு இங்கே அரண்மனைப் பாஷை மராத்தி, கவிதைப் பாஷை தெலுங்கு, தெருப் பாஷை தமிழ். யாரும் யாரையும் நாடு கடத்தச் சொல்லவில்லை. அவள் ‘ராதிகா சாந்த்வனம்’ என்று ஒரு காவியம் எழுதினாள். 584 பாட்டு. ராதை தான் வளர்த்த இளா என்ற பெண்ணைக் கண்ணனுக்குக் கட்டிவைக்கிறாள். வைத்துவிட்டுப் பொறுக்க முடியாமல் தவிக்கிறாள், கோபிக்கிறாள், கண்ணன் வந்து சமாதானப்படுத்துகிறான். தலைப்பே அதுதான், ராதையைத் தேற்றுதல். பாயிரத்தில் தன் பாட்டியைச் சொல்லுகிறாள், அத்தையைச் சொல்லுகிறாள், என்னைப்போல் பெயரெடுத்த பெண் யார் இருக்கிறாள் என்று நிமிர்ந்து கேட்கிறாள். 

சிருங்காரம் பாடுவது அன்றைக்குப் புதுசு இல்லை. நாயக்கர் காலத்திலிருந்து தஞ்சை மன்னர்களும் அவர்கள் கவிகளும் பெண்ணின் அங்கத்தை அளக்காத பாட்டு ஏது. நில அளவைத் துறை தோற்றுப்போகும். வித்தியாசம் ஒன்றுதான். அவர்கள் பாட்டில் பெண் வேண்டப்படுகிறாள். இவள் பாட்டில் பெண் வேண்டுகிறாள்.

புத்தகம் நூற்றைம்பது வருஷம் ஒருவரையும் கெடுக்காமல் இருந்தது. 1887-இல் அச்சேறியபோது முத்துப்பழனி தன் வம்சத்தைச் சொல்லும் பாயிரமே காணாமல் போயிற்று. உடம்பு கிடக்கிறது, தலை இல்லை. 1910-இல் பெங்களூர் நாகரத்தினம்மாள் முழு ஏட்டைத் தேடிப் பிடித்து, திருத்தமாகப் பதிப்பித்து, சென்னை வாவிள்ளா ராமசுவாமி சாஸ்திருலு அச்சகத்தின் மூலம் வெளியிட்டார். பாடகி, படித்தவர், தேவதாசி மரபில் வந்தவர். அந்தக் கடைசி விஷயத்தில்தான் வந்தது வினை.

கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு என்று ஒரு பெரிய மனிதர். விதவைக்கு மறுமணம் செய்துவைத்தவர், ஆந்திர தேசமே கும்பிடுகிற சீர்திருத்தக்காரர். அவர் முத்துப்பழனியை ஒழுக்கங்கெட்டவள் என்றார். ஒரு பெண் கேட்கவே கூசுகிறதை ஒரு பெண் எழுதியிருக்கிறாளே என்று நொந்தார். நாகரத்தினம்மாள் சும்மா இருக்கவில்லை. வெட்கம் என்பது பெண்ணுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்ததா என்று திருப்பிக் கேட்டார். இதைவிடப் பச்சையான ‘வைஜயந்தி விலாசம்’ நீங்களே பார்த்துத் திருத்திக் கொடுத்த புத்தகம்தானே என்றும் போட்டு உடைத்தார். அப்படிக் கேட்டுவிட்டால் பதில் சொல்ல வேண்டியதாகிவிடும். நம் ஊரில் பதில் சொல்ல முடியாத கேள்வியைப் போலீசிடம் ஒப்படைப்பதுதானே வழக்கம். புகார் போயிற்று.

இனிமேல்தான் வேடிக்கை. சர்க்காருக்குத் தெலுங்கு தெரியாது. தெரியாத பாஷையில் இருக்கிற ஆபாசம் சர்க்காரை எப்படிக் கெடுக்கும்? ஆகவே கோடேட்டி கனகராஜு பந்துலு என்ற அரசாங்க மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டு, எங்கெங்கே ஆபாசமோ அதையெல்லாம் பொறுக்கி ஆங்கிலத்தில் கொடு என்றார்கள். அவர் பொறுக்கினார். நினைத்துப் பாருங்கள். ராதையின் ஊடல் வேண்டாம், உவமை வேண்டாம், வளர்த்த பெண்ணைத் தன் ஆளுக்கே கட்டிவைத்தவளின் வயிற்றெரிச்சல் வேண்டாம். அதையெல்லாம் சல்லடையில் சலித்துக் கீழே தள்ளிவிட்டு, மேலே தங்கியதை மட்டும் மேஜைக்கு மேஜை, கையொப்பத்துக்குக் கையொப்பம் அனுப்பியிருக்கிறார்கள். முத்துப்பழனி எழுதியது காவியம். அதிலிருந்து ஓர் ஆபாசப் புத்தகத்தைத் தயாரித்தது மதராஸ் சர்க்கார், பொதுமக்கள் வரிப்பணத்தில்.

1911-இல் போலீஸ் கமிஷனர் கன்னிங்ஹாம் பிரதிகளைப் பறிமுதல் செய்தார். பண்டிதர்கள் மனு மேல் மனு போட்டார்கள். இந்தக் கணக்கில் போனால் உங்கள் பாடத்திட்டத்தில் இருக்கிற புராதனக் காவியங்களில் பாதியை எரிக்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்தார்கள். ஒன்றும் எடுபடவில்லை. தடை நீங்கியது 1947-இல், டங்குதூரி பிரகாசம் எடுத்த முயற்சியால். புதுப் பதிப்பு 1952-இல் வந்தது. அதே 1952 மே மாதம் நாகரத்தினம்மாள் கண்ணை மூடினார்.

இந்தப் பிரிவிலேயே ஒரு விதிவிலக்கு உண்டு. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வருகிறது, ரத்தமும் கொதிக்கிறது. 1860-இலேயே போட்டுவைத்தார்கள்: கோயிலில் இருக்கிற சிற்பம், சாமியைச் சுமக்கிற தேரில் இருக்கிற சிற்பம், இதற்கெல்லாம் இந்தப் பிரிவு பொருந்தாது. இன்றைக்கும் பொருந்தாது. நம் பக்கத்துத் தேர்களை ஓய்வாக நிற்கும்போது கிட்டே போய்ப் பார்த்தவர்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று தெரியும். பல தேர்களில் சக்கரத்துக்கு மேலே, பிள்ளைகள் கண்ணுக்கு நேரே இருக்கிற வரிசையில், தச்சன் வெட்கம் என்ற சொல்லையே கேள்விப்படாதவன்போலச் செதுக்கிவைத்திருப்பான். ஊரே கூடி வடம் பிடிக்கும். தாசில்தார் முன்னால் நடப்பார். இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்து. தவறு என்று நான் சொல்லவில்லை, அழகு என்றுதான் சொல்கிறேன். ஆனால் அந்தத் தச்சன் மரத்தில் செய்ததை முத்துப்பழனி ஓலையில் செய்தாள். அவளும் சாமியைப் பற்றித்தான் பாடினாள். கண்ணனும் ராதையும் சாமி இல்லாமல் வேறு யார்? நாலு சக்கரம் மட்டும்தான் குறை. புத்தகத்துக்குச் சக்கரம் வைத்து அச்சடித்திருந்தால் வாவிள்ளா தப்பித்திருக்கலாம்.

வெள்ளைக்காரன் தேரைத் தொடவில்லை, ஏனென்றால் தேரைத் தொட்டால் ஊர் திரளும். தாசியின் புத்தகத்தைத் தொட்டால் நாலு பண்டிதர்கள் மனு எழுதுவார்கள். எது ஆபாசம் என்பதற்கு அவனிடம் மீட்டர் இல்லை. யாரைத் தொட்டால் எவ்வளவு சூடு என்பதற்கு இருந்தது. அந்த மீட்டரை மட்டும் பத்திரமாக நம்மிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான்.

அது நல்ல நிலையில் வேலை செய்கிறது என்பதை அதே பெஞ்சில் உட்கார்ந்தபடியே பார்த்தேன். நாங்கள் காத்திருந்தபோது ஒரு அம்மாள் வந்தார். நடவு வேலை செய்கிறவர், புடவையில் சேறு காயவில்லை. வரப்பில் நின்று வேலை வாங்குகிற ஒரு பெரிய வீட்டுப் பையன் தினமும் என்ன பேசுகிறான், குனிந்து நடுகிற பெண்களைப் பார்த்து என்ன சொல்கிறான் என்று சொல்ல வந்திருந்தார். எங்கள் பெரியப்பா வழக்கில் இல்லாத வார்த்தை இந்த அம்மாள் வாயில் இருந்தது. அப்படியே சொன்னார், கூசாமல், வரிசையாக, எந்தத் தேதியில் எந்த வயலில் என்று. பொது வழியோரம், கேட்டவர்கள் பதினாறு பேர், அத்தனை பேருக்கும் எரிச்சல் மட்டுமா, அழுகை. பிரிவு கேட்கிற அத்தனை சாமானும் தட்டில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

ரைட்டர் பேனாவை மூடினார்.

“என்னம்மா இப்படிப் பச்சையாப் பேசுற? பொம்பள பேசுற பேச்சா இது?”

பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “பெரிய எடம். அந்தத் தம்பிக்கு வாய் கொஞ்சம் அப்படித்தான், மனசு நல்ல மனசு. வேலைக்குப் போறத கெடுத்துக்காத. பேசி முடிச்சுக்கங்க” என்றார்.

வீரேசலிங்கம் பந்துலு முத்துப்பழனியைப் பார்த்துச் சொன்னதற்கும் இதற்கும் நடுவே நூறு வருஷத்துக்கு மேல் இருக்கிறது. வாக்கியத்தில் ஒரு எழுத்து மாறவில்லை. செய்தவன் வாயில் ஆபாசம் இல்லை. சொல்ல வந்தவள் வாயில்தான் ஆபாசம்.

கீழே இப்படியென்றால் மேலே வேலை மும்முரமாக நடக்கிறது. 2015-இல் டெல்லி ஒரே உத்தரவில் 857 இணையதளங்களை மூடச் சொன்னது. அது என்ன 857? 856-ஐப் பார்த்துவிட்டு அயர்ந்துபோகாத அந்த அரசு ஊழியர் யார்? கனகராஜு பந்துலுவின் வாரிசாகத்தான் இருக்க வேண்டும். நாலைந்து நாளில், இல்லை இல்லை, குழந்தைகளை வைத்து எடுத்ததை மட்டும் மூடினால் போதும் என்று பின்வாங்கினார்கள். 2024 மார்ச்சில் 18 ஓடிடி தளம், 2025 ஜூலையில் இன்னும் 25. பட்டியலில் இருந்தவை பெரும்பாலும் குப்பைதான், எனக்கு அவற்றின் மேல் பாசம் இல்லை. ஆனால் யார் பார்த்தார்கள், எதை வைத்து அளந்தார்கள், எந்தப் படம் எந்த வரியில் 17-ஐத் தாண்டி 18 ஆயிற்று? நெல்லைத் திருப்பி அனுப்புகிறவன்கூட மீட்டரைத் திருப்பிக் காட்டுகிறான்.

நாமக்கல்லில் 2015 ஜனவரியில் எழுத்தாளர் பெருமாள்முருகனை, அவர் எழுதிய நாவலுக்காக, ‘அமைதிப் பேச்சுவார்த்தை’க்கு அழைத்ததையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். கோர்ட் இல்லை, தீர்ப்பு இல்லை, மாவட்ட அதிகாரிகள் முன்னால் ஒரு எழுத்தாளர் மன்னிப்பு எழுதிக் கொடுத்தார், அப்புறம் எழுதுவதையே விட்டுவிட்டேன் என்றார். அந்த ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல 2016 ஜூலை ஆயிற்று. சட்டம் கழுத்தைப் பிடிக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு நாற்காலி, ஒரு டீ, ஒரு வெள்ளைத் தாள் போதும்.

ஊர்த் திருவிழாவுக்கு ஆடல் பாடல் வைக்க வேண்டுமென்றால் எங்கள் பையன்கள் படுகிற பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. ஸ்டேஷனில் மனு கொடுப்பார்கள், பதில் வராது. கோர்ட்டுக்குப் போக வேண்டும். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரன் மதுரைக் கிளைக்குப் போவான். வாய்க்காலுக்கு அந்தக் கரை திருவாரூர் மாவட்டம், அவன் சென்னைக்குப் போவான். ஒரே மாமன் மச்சான், ஒரே குலசாமி, ஒரே டான்ஸ் ட்ரூப், ரெண்டு கோர்ட்டு. உத்தரவு வரும், நிபந்தனையோடு: ஆபாச நடனம் கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, ராத்திரி இத்தனை மணிக்கு மேல் கூடாது. சினிமாத் தணிக்கைக் குழு சான்றிதழ் கொடுத்து, டவுன் பஸ்ஸில் காலையிலிருந்து ஓடுகிற அதே பாட்டு, நம் ஊர் மேடையில் இருநூறு ரூபாய் ஜிகினாப் பாவாடை கட்டிய பெண் ஆடினால் இரட்டை அர்த்தம் ஆகிவிடுகிறது. மேடைக்கு எதிரே முதல் வரிசையில் போலீஸ்காரர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்து முழுசாகப் படம் எடுக்கிறார்கள். ஆதாரத்துக்காம். நிகழ்ச்சி முடிந்ததும் கைதாவது விழாக் கமிட்டி, வயிறு காய்வது ட்ரூப்புப் பெண்கள், கோடிக்கணக்கில் பாட்டை விற்றவர்கள் சென்னையில்.

ரெண்டு அர்த்தமும் புரிந்தால்தானே இரட்டை அர்த்தம் என்று கண்டுபிடிக்க முடியும்? எங்கள் பக்கத்துக் கிழவிகள் தாலாட்டிலேயே மூன்று அர்த்தம் வைப்பார்கள்.

பெரியப்பா வழக்கு வாய்தாவில் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தத் தை மாதம் ஒரு வாய்தா முடிந்து திரும்பும்போது பஸ் மாறத் திருவையாற்றில் இறங்கினோம். ஆராதனைக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். ரேடியோக்காரர்கள், டிவிக்காரர்கள், பெரிய இடத்து விருந்தாளிகளுக்கு என்று கயிறு கட்டிய வரிசை. காவிரியில் கால் நனைத்துவிட்டு வந்த பெரியப்பா, தியாகராஜர் சமாதிக்கு எதிரே கைகூப்பி உட்கார்ந்திருக்கிற சிலையைப் பார்த்து, “இந்தம்மா யாரு?” என்றார்.

சொன்னேன். இதுதான் நாகரத்தினம்மாள். இந்த இடம் குப்பையாகக் கிடந்தபோது 1921-இல் தன் சம்பாத்தியத்தைப் போட்டுக் கட்ட ஆரம்பித்து, 1925-இல் கும்பாபிஷேகம் செய்தது இந்த அம்மாள்தான். கட்டியவரையே உள்ளே பாடவிடவில்லை, பெண் என்று. பின்பக்கம் தனியாகப் பந்தல் போட்டுப் பெண்களைக் கூட்டிவந்து பாடினார். அதற்கெல்லாம் முன்னால் ஒரு புத்தகம் போட்டார், தஞ்சாவூர் அரண்மனையில் இருந்த ஒரு பெண் எழுதினது, அதைப் போலீஸ் வந்து வாரிக்கொண்டு போய்விட்டது.

பெரியப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். சிலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்னா செக்ஷன்?”

“உங்களுக்கு மொதல்ல எழுதி அடிச்சாரே, அது.”

“விட்டுட்டாங்களா அப்பறம்?”

“விட்டாங்க. 36 வருஷம் ஆச்சு.”

விரல் விட்டு எண்ணினார். வரப்பில் நின்று கத்திய அன்றைக்கு இருந்த முகம் திரும்ப வந்தது.

“எனக்கு நூத்தியேழு ஆயிருமேடா” என்றார்.